ஆயா வைத்திருந்த கணக்கு

பி.காம். படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் இது பற்றா, வரவா என்று மனசுக்குள் ஒரு கோடு கிழித்துவிடுவோம். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. முதல் வருஷம், முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மீதி மூன்று வருஷமும் கேன்டீன்தான். எனக்கு அந்த முதல் வாரமும் மிச்சம். ஏனென்றால், இதை நான் ஏற்கெனவே எங்கள் ஆயாவிடம் படித்திருந்தேன்.

ஆயா என்றதும் கான்வென்ட் வாசலில் குழந்தைகளுக்கு மூக்கு துடைத்துவிடும் ஆயாவை நினைத்துக் கொள்ளாதீர்கள். இது அப்பாவைப் பெற்ற ஆயா. சாந்தோமில் எங்கள் மாதிரி வீடுகளில், 'பாட்டி' என்றால் 'யாரு, அடுத்த வீட்டுப் பாட்டியா?' என்று கேட்பார்கள். சொந்தப் பாட்டி என்றால் ஆயாதான். இன்னொன்று... 'ஆயா வந்தது, ஆயா சொன்னது' என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதை தெரியாதவன் என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பாசம் ஒரு அளவைத் தாண்டினால் 'அவர்' தானாகவே 'அது' ஆகிவிடும்.

ஆயாவிடம் ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டு. தீர்ந்தால் இன்னொன்று. அதற்குப் பெயர் நேர்ச்சை நோட்டு. கன்னியர் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த குண்டுக் கையெழுத்தில், இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் கொடுத்தது. 'பெரியவனுக்கு மஞ்சக்காமாலை எறங்கணும். லஸ் மாதாவுக்கு 3 மெழுகுவத்தி' என்று இடது பக்கம் விழும். காமாலை இறங்கியதும் வலது பக்கம் தேதி போட்டு ஒரு சின்னச் சிலுவை. கடன் பைசல்! எழுதும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்ற நேரம் நோட்டு டிரங்குப் பெட்டிக்குள் கூறைப்புடவைக்கு அடியில் போய்விடும். கேட்டால், "பாவசங்கீர்த்தனத்துல சொன்னத சாமியார் வெளிய சொல்லுவாரா? அந்த மாதிரிதான்டா இதுவும்" என்னும்.

காலை ஐந்தேகால் மணிக்கு எங்கள் தெருவில் முதலில் திறக்கிற கதவு எங்களுடையதுதான். பால் பாக்கெட் வருவதற்கு முன்னால் ஆயா கோயிலுக்குக் கிளம்பிவிடும். தலையில் முக்காடு, கையில் செபமாலை, வயிற்றில் ஒன்றும் கிடையாது. காப்பி கூட. நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நாள் நள்ளிரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பது பழைய சட்டம். 1957ல் அதை மூன்று மணி நேரமாக்கினார்கள். 1964ல் ஒரு மணி நேரம் போதும் என்றார்கள். இரண்டு குறைப்பையும் ஆயா ஒப்புக்கொள்ளவில்லை.

"சாமிக்கே தள்ளுபடியா? இது என்ன ரங்கநாதன் தெருவா?"

நன்மை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பூசையின்போது சாமியார் அப்பத்தைச் சேசுவின் உடலாகக் கொடுப்பார். வரிசையில் போய் அதை வாங்கிக்கொள்வதுதான் நன்மை வாங்குவது. இப்போது நற்கருணை என்கிறார்கள். பூசை திருப்பலியாகிவிட்டது. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆகிவிட்டது. ஆயாவிடம் மட்டும் எல்லாம் பழைய பெயரிலேயே இருந்தன, மவுன்ட் ரோடு மாதிரி. இந்த நன்மையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஆயா பிறந்தது 1934ல். லத்தீனில் பூசை கேட்டு வளர்ந்தது. 1962 முதல் 1965 வரை ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியதே, அதற்கப்புறம்தான் பூசை முழுசாகத் தமிழுக்கு வந்தது. "முப்பது வருஷம் அர்த்தமே புரியாமலா முட்டி போட்ட?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உங்க தாத்தாகிட்டகூடத்தான் முப்பது வருஷம் அர்த்தம் புரியாம குடும்பம் நடத்துனேன். என்ன கொறஞ்சு போச்சு?"

தாத்தா துறைமுகத்தில் கிளார்க். நான் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1983ல் போய்விட்டார். அவர்கள் கல்யாணம் 1953ல் லஸ் கோயிலில் நடந்தது. காட்டுக் கோயில் என்பார்கள் அதை. ஒரு காலத்தில் அங்கே காடாம்! இப்போது ஆட்டோ நிறுத்தக்கூட இடமில்லை. வழி தெரியாமல் கடலில் தத்தளித்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பின்தொடர்ந்து வந்தவர்கள், அது மறைந்த இடத்தில் 1516ல் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது கதை. 'லஸ்' என்றால் அவர்கள் பாஷையில் வெளிச்சம். லஸ் கார்னரில் கரண்ட் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சாந்தோம் பேராலயம் விஷயத்தில் ஆயாவுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம். அப்போஸ்தலர் கல்லறை மேலே கட்டின கோயில் ரோமில் இருக்கிறது, ஸ்பெயினில் இருக்கிறது, அப்புறம் எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இப்போது நாம் பார்க்கிற வெள்ளைக் கோபுரம் 1896ல் வந்தது. ஆனால் தோமையார் கி.பி. 52லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டார், 72ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சேசு உயிர்த்தெழுந்ததை, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம் பிடித்தவரும் இதே தோமையார்தான்.

"பன்னெண்டு பேர்ல இவர ஏன் நம்ம ஊருக்கு அனுப்பினாரு தெரியுமா? மெட்ராஸ்காரன் எதையும் தொட்டுப் பார்க்காம வாங்க மாட்டான். அவனுக்கு இவர்தான் சரி."

சொல்லிவிட்டு தி.நகரில் கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போகும். கடையில் இருக்கிற அத்தனை துணியையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "சாயம் போகும்" என்று அடுத்த கடைக்கு நகரும். பின்னாலேயே நாங்கள் எட்டுப் பேர். கடைப் பையன்கள் பாவம், தோமையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் மெட்ராஸ் வந்தபோது, விடியற்காலையிலிருந்து ரோட்டோரம் காத்துக்கிடந்து ஒரு வெள்ளைக் கையை இரண்டு நொடி பார்த்ததாகச் சொல்லும். துணைக்குப் போன சித்தப்பா, "அது முன்னாடி போன வண்டில யாரோ ஒரு பாதர் கைம்மா" என்பார். அன்றைக்குச் சித்தப்பாவுக்கு மீன் துண்டில் வால் பக்கம்தான் வரும்.

இந்தச் சித்தப்பாவால்தான் எல்லாம்.

குடும்பமும் கோயிலும் ஆயாவுக்கு இரண்டு கண். 1999ல் அந்த இரண்டு கண்ணும் ஆளுக்கொரு திசையில் பார்க்க ஆரம்பித்தன.

சித்தப்பா கடைக்குட்டி. இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் வேலை. பக்கத்து சீட்டில் ஒரு பெண். வீடு மயிலாப்பூர் தெற்கு மாட வீதி. கற்பகாம்பாளைக் கேட்காமல் கத்தரிக்காய்கூட வாங்காத குடும்பம். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்து, இருவரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைப்பார்கள், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்வதற்கு. அரசாங்கத்துக்கு முப்பது நாள் தேவைப்பட்டது. சாந்தோமுக்கு மூன்று நாள் போதும். பத்திரம் பதியப் போன ஒரு புண்ணியவான் போர்டைப் படித்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிவதற்குள் பங்கு முழுக்கச் செய்தி வாசித்துவிட்டார்.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். அக்கவுன்ட்ஸ்காரர். "இனிமே அவன் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார். பிப்ரவரி மாதம் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்தும் யாரும் போகவில்லை, அவர்கள் வீட்டிலிருந்தும் யாரும் போகவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் ஆபீஸ் நண்பர்கள். சித்தப்பாவும் சித்தியும் மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் மாடியில் ஒரே ஒரு அறை எடுத்துக் குடியேறினார்கள்.

கோயில் சட்டம் இதில் கறார். கத்தோலிக்கர் ஒருவர் கோயிலுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டால் அது கோயில் கணக்கில் கல்யாணமே இல்லை. பூசைக்கு வரலாம், உட்காரலாம், முட்டி போடலாம். நன்மை மட்டும் வாங்க முடியாது. அடுத்த ஞாயிறு சித்தப்பா தனியாகப் பூசைக்கு வந்தார். கடைசி பெஞ்சில், தூண் மறைவில் உட்கார்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் வரிசையில் எழுந்து போனபோது அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

முதல் வரிசையில் ஆயாவும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு அப்போது பதினோரு வயசு. தூங்கிவிட்டதோ என்று நினைத்து, "ஆயா, வரிசை போகுது" என்று உலுக்கினேன். "நீ போ" என்றது. மறுநாள் காலைப் பூசையிலும் அப்படியே. அதற்கு மறுநாளும். தினமும் ஐந்தேகாலுக்குக் கதவு திறக்கும். முக்காடு, செபமாலை, வெறும் வயிறு எல்லாம் அப்படியே. நன்மை நேரத்தில் மட்டும் ஆயா பெஞ்சில் கல் மாதிரி இருக்கும்.

ஒருவர் நன்மை வாங்கவில்லை என்றால் சாவான பாவம் எதுவோ மனசில் கிடக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். அறுபத்தைந்து வயசுக் கிழவி அப்படி என்ன பெரிய பாவம் செய்திருக்க முடியும் என்று மரியாயின் சேனைப் பெண்கள் யோசித்து யோசித்துக் களைத்துப் போனார்கள். சீட்டுப் பணமா? பொய்ச் சாட்சியா? ஒரு அம்மாள் எங்கள் அம்மாவிடமே வந்து, "உங்க மாமியார் ஏதாவது... மாந்திரீகம் அந்த மாதிரி..." என்று இழுத்தார். அம்மா காப்பி கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

ஆயா வீட்டில் அப்பாவோடு ஒரு வார்த்தை வாதாடவில்லை. அது வேறு விதமாக வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை தோறும் பாரிமுனை அர்மேனியன் தெரு அந்தோனியார் கோயிலுக்குப் போவது ஆயாவின் வெகு நாள் வழக்கம். அங்கே செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம், விபூதி இருக்கும். ஏப்ரல், மே லீவில் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனது. "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று அப்பாவிடம் சொல்லும். அது பொய்யில்லை. கோயிலுக்குத்தான் போனோம். மெழுகுவத்தி ஏற்றினோம். திரும்பும்போது பஸ் மாம்பலம் வழியாக வந்தது, அவ்வளவுதான்! பாரிமுனையிலிருந்து சாந்தோமுக்கு வர மாம்பலம் வழி இல்லை என்பது மெட்ராஸ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் மெட்ராஸ்தான்.

கையில் இரண்டு டிபன் கேரியர். ஒன்றில் சித்தப்பாவுக்கு மீன் குழம்பு. இன்னொன்றில் சித்திக்கு வத்தக் குழம்பும் கீரைக் கூட்டும். சித்தி சைவம். இதற்காகவே பாண்டி பஜாரில் ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு வாணலி என்று ஆயா தனியாக வாங்கியது. வழக்கம்போலத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, பேரம் பேசித்தான். வீட்டில் அதற்குத் தனிப் பரண். "இதுல எவளாச்சும் மீன் வெச்சீங்க, கைய ஒடைப்பேன்" என்று எச்சரிக்கை வேறு. மூன்று தலைமுறையாகத் தினமும் மீன் வேகும் சமையலறையில் மீன் வாசம் படாத ஒரு மூலையை உண்டாக்கி, அதைக் கடைசி வரை காவல் காத்தது ஆயா.

முதல் தடவை போனபோது சித்தி கதவைத் திறந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கண் சிவந்திருந்தது. அழுகை இல்லை, மண்ணெண்ணெய் ஸ்டவ் புகை. கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆயா ஒன்றும் பேசவில்லை. நேராக ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து, திரியை இழுத்துவிட்டு, கொண்டையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் கரியைச் சுரண்டி எடுத்தது. "திரிய வாராவாரம் வெட்டணும்மா. இல்லாட்டி இப்படித்தான் புகையும்." மாமியாரும் மருமகளும் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கமாக அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கி வரும் அப்பா ஒரு கிலோ வாங்கி வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆயா மட்டும் துண்டு போடும்போது, "பெரியவன் கணக்குல வீக்காயிட்டான் போலிருக்கு" என்று மீனிடம் சொன்னது.

இதற்குள் பங்குச் சாமியார் காதுக்கு விஷயம் போய், ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர். வயசு நாற்பதுக்குள்தான் இருக்கும். நான் கதவு இடுக்கில்.

"ஏம்மா, நீங்க நன்மை வாங்கறதில்லனு எல்லாரும் சொல்றாங்க. மனசுல ஏதாச்சும் பாரமா?"

"பாவம் எதுவும் இல்ல சாமி. இருந்தா உங்ககிட்டதான வந்திருப்பேன்."

"அப்புறம் என்னம்மா?"

"ஒரு கல்யாண வீட்டுல பந்தி நடக்குது. நம்ம புள்ளைக்கு மட்டும் எல போடல. பெத்தவ நான் பக்கத்துல உக்காந்து சாப்பிட முடியுமா சாமி? எறங்குமா?"

சாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாரும் அவர எழுப்பி விடலம்மா. சட்டம் அப்படி..." என்று ஆரம்பித்தார்.

"சட்டம் தெரியும் சாமி. நான் சட்டத்த மாத்தச் சொல்லல. எல போட வழி இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

வழி இருந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயர் விதிவிலக்கு கொடுக்கலாம். பெண் மதம் மாற வேண்டியதில்லை. கத்தோலிக்கராக இருப்பவர், தன் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கைப் பற்றி இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரிஜிஸ்டர் கல்யாணம் ஆனவர்களுக்கும் இந்த வழி உண்டு. சாமியார் இதை விளக்க விளக்க ஆயா குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அந்தப் பொண்ணு பொட்டு வெச்சுக்கலாம்ல?"

"தாராளமா."

"அப்ப பாரத்தக் குடுங்க சாமி."

பாரம் என்றால் ஒரு பாரம் இல்லை. ஞானஸ்நான சான்றிதழ், ரிஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழ், ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம் என்று வரிசையாக. எல்லாவற்றுக்கும் அலைந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் அப்பா. "பேப்பர் வேலைனா அவனுக்கு ஒழுங்கா வராதும்மா" என்று தானே வலிய வாங்கிக்கொண்டார். ஒரு வருஷம் முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிக்கொண்ட முதல் வாக்கியம், "ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொண்டு வா." 

2000 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பதினைந்து பேர் முன்னிலையில் சாமியார் கல்யாணத்தை மந்திரித்தார். ஜூபிலி வருஷம் அது. 'கடனெல்லாம் தள்ளுபடி ஆகற வருஷம்' என்று ஆயா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. தள்ளுபடி என்ற வார்த்தையை அது மரியாதையாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் ஞாயிறு பூசை. நன்மை நேரம். சித்தப்பா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். அவர் முதல் வரிசையைத் தாண்டும் வரை ஆயா காத்திருந்தது. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவருக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்தது. பதினோரு மாதம். மரியாயின் சேனை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாங்கிவிட்டு வந்த ஆயா தன் இடத்துக்குப் போகவில்லை. நேராகப் பின்னால் போய், சேலைத் தலைப்பைப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்த சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

அன்று மத்தியானம் வீட்டில் விருந்து. எல்லோருக்கும் முன்னால் சித்தியைத் தனியாக உட்கார வைத்து, பரண் பாத்திரத்துச் சமையலை ஆயா தானே பரிமாறியது. சித்தி நெளிந்தார். "எல்லாரும் வரட்டும் அத்தை..."

"அங்க உனக்கு எல இல்ல. அது கோயில் சட்டம், நான் ஒண்ணும் பண்ண முடியாது. இங்க மொத எல உனக்குத்தான். இது என் சட்டம்."

ஆயா இருந்தவரைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் இலை சித்திக்குத்தான்.

தெற்கு மாட வீதிக்காரர்களும் பேத்தி பிறந்ததும் இறங்கி வந்தார்கள். ஆயாவுக்கும் சித்தியின் அம்மாவுக்கும் ஏற்பட்ட சிநேகிதத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கபாலீஸ்வரர் கோயில் அறுபத்துமூவர் உற்சவம் பங்குனியில், பெரும்பாலும் எங்கள் தவசு காலத்தில்தான் வரும். ஆயா ஒரு சந்தி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. சம்பந்தி வீட்டு வாசலில் ஜனங்களுக்கு நீர்மோர், பானகம். ஆயா மாட வீதிக்குப் போய் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று மத்தியானம் முழுக்க ஊற்றிக் கொடுக்கும். தான் ஒரு வாய் குடிக்காது. "தாகமா இருந்தேன், தண்ணி குடுத்தீங்களானுதான் கடைசி நாள்ல கேப்பாரு. எந்தத் தெருவுல குடுத்தனு கேக்க மாட்டாரு."

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். சம்பந்திகள் இருவரும் ஒரே ஆட்டோவில் போவார்கள். அங்கே இறங்கியதும் ஒருத்தர் மாதாவுக்கு, ஒருத்தர் அஷ்டலட்சுமிக்கு. முடித்துவிட்டு எலியட்ஸ் பீச் மணலில் சந்தித்து மசாலா தடவின சோளம். இரண்டு பேருக்கும் பல் கிடையாது. வாங்கி, பார்த்துவிட்டு, துணைக்கு வந்தவனிடம் கொடுத்துவிடுவார்கள். அந்தத் துணை நான்தான்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ம் ஞாயிற்றுக்கிழமை. பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பக்கமிருந்து ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடி வந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் செய்து வைத்திருந்த கலகலா, அச்சு முறுக்கு அத்தனையும் பத்து மணிக்குள் தெருவுக்குப் போய்விட்டது. பிறகு இரண்டு நாள் எங்கள் வாசலில் கஞ்சி. தோமையார் நட்ட கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றதும் அந்த வாரம் முழுக்க எல்லோரும் கம்பத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஆயாவும் கம்பத்தை நம்பியது. ஆனால் யாரோ அதைக் கொஞ்சம் பெருமையாகச் சொன்னபோது சுருக்கென்று திரும்பியது. "கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறது மட்டும்தான் அவர் புள்ளைங்களா? சீனிவாசபுரத்துல இருக்கறது யாரு? போய் ரெண்டு போர்வ எடுத்துட்டு வா."

2017 ஜூலையில் ஆயா போய்விட்டது. எண்பத்துமூன்று வயசு. இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அவஸ்தைப் பூசுதல் வாங்கிவிட்டு, சாமியாரிடம் "காப்பி சாப்ட்டீங்களா?" என்று கேட்டது கடைசி. குவிபிள் ஐலண்ட் கல்லறையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். மாட வீதிச் சம்பந்தி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்து, ஒரு முழம் மல்லிகையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, "எனக்கு இனிமே பெசன்ட் நகருக்குத் துணை யாரு?" என்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பதினாலு நோட்டு. ரப்பர் பேண்டு போட்டு வருஷவாரியாக. ஆடிட் பண்ண வேண்டிய பொறுப்பு, வீட்டின் ஒரே பி.காம். பட்டதாரியான எனக்கு வந்தது. அப்பா பழைய எஸ்.எஸ்.எல்.சி.

நான் முதலில் தேடியது 1999. பிப்ரவரியிலிருந்து அடுத்த ஜனவரி வரை. 'அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் வாங்கணும்' என்று ஒரு வரியாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. 'சின்னவன் அவள விட்டுட்டு வந்துடணும்' என்றும் இல்லை. அதற்கப்புறம் வந்த பதினேழு வருஷத்து நோட்டுகளிலும் தேடினேன். எங்கும் இல்லை. ஏப்ரல் மாதத்துப் பக்கத்தில் இருந்தது இதுதான்: 'சின்னவன் வீட்டுக்கு கேஸ் கெடைக்கணும். புகையில அந்தப் புள்ள கண்ணு கெட்டுப் போவும். அந்தோனியாருக்கு 2 மெழுகுவத்தி.' வலது பக்கத்தில் அக்டோபர் மாதத் தேதி போட்டு, சிலுவை.

நோட்டைச் சித்தியிடம் காட்டினேன். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேஸ் வந்த அன்னிக்கு அத்தை ஒண்ணுமே தெரியாத மாதிரி 'அப்படியா?'னு கேட்டாங்கடா" என்றார்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில், இடது பக்கம் எழுதி வலது பக்கம் காலியாக இருந்தவை மூன்று. பேத்தி ப்ளஸ் டூ பாஸாகணும். சம்பந்திக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடி முடியணும். மூன்றாவது, அடியேன்: 'பெரியவன் மகனுக்குக் கல்யாணம். பெசன்ட் நகர் மாதாவுக்கு வீட்டுலேர்ந்து செருப்பில்லாம நடை.' எழுதியது 2016ல், எண்பத்திரண்டு வயசில்! சாந்தோமிலிருந்து அடையாறு திரு.வி.க. பாலம் ஏறி இறங்கிப் பெசன்ட் நகர் ஆறேழு கிலோமீட்டராவது இருக்கும்.

பாக்கிகளைச் சித்தி எடுத்துக்கொண்டார். "அத்தை கடன் வெச்சுட்டுப் போக மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். முதல் இரண்டும் நிறைவேறியதும், பொட்டு வைத்த நெற்றியோடு கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, வலது பக்கம் தேதி போட்டு, ஆயா மாதிரியே சின்னச் சிலுவை போட்டார். கோடு கொஞ்சம் கோணல்.

மூன்றாவது இன்னும் நிலுவையில் இருக்கிறது. எனக்கு முப்பத்தேழு முடிந்துவிட்டது. வருஷா வருஷம் ஆகஸ்ட் 29 சாயங்காலம், கொடியேறியதும் சித்தியிடமிருந்து போன் வரும்.

"டேய், இந்த வருஷமாவது நான் நடக்கலாமா, இல்லியா? எனக்கு இப்பவே மாடி ஏறினா முட்டி வலிக்குது. உங்க ஆயாவ மாதிரி எண்பத்திரண்டு வயசுல நடக்க என்னால ஆகாது, சொல்லிட்டேன்."